இரண்டு பக்கெட் தண்ணீரும் ஒன்று நாற்பது ஒயரும்

ஹரிஷ்குமார் முனிகிருஷ்ணனுக்குப் பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய் தர வேண்டியிருந்தது. வேலை முடிந்தது நவம்பரில். ஏப்ரல் பிறந்தும் பணம் பிறக்கவில்லை. ஸ்ரீராம்புரத்தில் முனிகிருஷ்ணன் குடியிருக்கும் சந்தில் இந்தத் தொகை பச்சைக் குழந்தைக்கும் தெரியும். காரணம், அது அவர் மனைவி லட்சுமம்மாவுக்குத் தெரியும்.

முனிகிருஷ்ணன் ஒயர்மேன். சும்மா ஒயர்மேன் என்று சொல்லி நிறுத்தினால் அவருக்குப் பொறுக்காது. ஐந்தாம் வகுப்போடு சிலேட்டை வீசிவிட்டு, பதினோரு வயதில் வேறொருவனுடைய ஏணியைத் தோளில் தூக்கியவர். தூக்கிய ஏணியில் ஏறுவதற்கு எட்டு வருஷம் ஆயிற்று. லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தரம் தோற்றார். மூன்றாவது தரம் எதிரே இருந்த அதிகாரி, "கரண்ட்டுன்னா என்னப்பா?" என்று கேட்டார்.

"புக்குல இன்னா போட்டுகீதுன்னு தெரியாது சார். தொட்டா தெரியும். நான் நாப்பது தடவ தொட்டுகீறேன்."

அதிகாரி சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து நாற்பத்தொரு வருஷம். நானூறு வீடுகள், பதினோரு கல்யாண மண்டபங்கள், ஒரு சினிமா தியேட்டர். பத்துக்கு முப்பது மனையில் தன் கைக்காசில் மூன்று மாடி எழுப்பி, மேல்மாடியில் குடி வைத்திருக்கிறார். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் மூன்றிலும் ஒரு வரி எழுத வராது. அதனால் அவருக்கு என்ன குறைந்து போயிற்று? படித்தவர்கள் வீட்டில் விளக்கு அணைந்தால் யாரைக் கூப்பிடுகிறார்கள்?

நாற்பத்தொரு வருஷத்தில் எவனிடமும் ஒரு ரூபாய் கூலியை விட்டுக்கொடுத்ததில்லை என்பது அவருடைய பெரிய பெருமை. அந்தப் பெருமைக்குத்தான் இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆபத்து வந்திருந்தது. போதாததற்கு, அந்த வேலைக்குச் செம்பு வாங்கிய பணம் அவருடையதும் அல்ல. லட்சுமம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம்.

ஹரிஷ்குமார் ஈரோட்டுக்காரர். சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய சம்பளம். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு லேஅவுட்டில் வரிசை வீடு வாங்கி, கீழ் அறை ஒன்றைப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒதுக்கியிருந்தார். அறைக்குள் இரண்டு ஸ்பீக்கர்கள், ஆள் உயரம். நடுவில் ஓர் ஆம்ப்ளிஃபையர். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அதை விற்றால் அத்திபெலே தாண்டி ஒரு சின்ன மனை வாங்கலாம். எதிரே ஒரே ஒரு நாற்காலி. இவ்வளவும் இருந்து, பாட்டு ஓடாத நேரத்தில் ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஓர் ஓரமாகப் படுத்திருக்கும் பெரியப்பாவின் குறட்டை மாதிரி, "உம்ம்ம்" என்று.

"கரண்ட் அழுக்கா இருக்கு மேன்" என்று சொன்னவர் டென்சில். இந்த மாதிரி சாமான்களை விற்பவர். கண்டோன்மென்ட் ஆள், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. முனிகிருஷ்ணனை இருபது வருஷமாகத் தெரியும். அவர்தான் வேலைக்கு இவரைக் கைகாட்டியதும்.

முனிகிருஷ்ணன் வந்து பார்த்தார். கரண்ட் அழுக்கா வெளுப்பா என்ற ஆராய்ச்சிக்கெல்லாம் அவர் போகவில்லை. கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த்தைச் சோதித்தார். பில்டர் போட்ட எர்த்து வரைபடத்தில் இருந்தது, பூமியில் இல்லை. மீட்டர் போர்டிலிருந்து அந்த அறைக்கு மட்டும் தனி லைன் இழுத்தார், பருத்த செம்பு ஒயர். வீட்டின் பின்னால் இருந்த மூன்றடிச் சந்தில் ஆறடிக்குக் குழி தோண்டி, செம்புத் தகடு இறக்கி, கரியும் கல்லுப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடி, நடுவே ஒரு குழாயும் அதன் வாயில் புனலும் வைத்தார். எர்த்துக் குழி மூடும் நாளில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் வைத்து, முதல் பக்கெட் தண்ணீரை வீட்டுக்காரர் கையாலேயே ஊற்ற வைப்பார்.

"சார், இது வாய். மழைக்காலத்துல அதுவே குடிச்சிக்கும். வெயில் வந்தா தெனம் ஒரு பக்கெட் ஊத்தணும். மறந்தீங்கன்னா கோச்சிக்கும்" என்று சொல்லிவிட்டு, மீதிப் பணத்துக்குக் கையை நீட்டினார்.

"அண்ணா, பர்ன்-இன் ஆகட்டுங்கண்ணா" என்றார் ஹரிஷ்குமார்.

"அது இன்னா சார்?"

"புது ஒயருங்க. கரண்ட் ஓடி ஓடி எரநூறு மணி நேரம் பழகோணும். அப்பத்தான் நெசமான சவுண்டு வரும். அதைக் கேட்டுட்டு மீதி தர்றனுங்க."

"ஒயரு இன்னா மாங்காயா சார், பழுக்கறதுக்கு?"

ஹரிஷ்குமார் சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் அவர் சிரிக்கிற ஆளே இல்லை. ஒரு மாதம் அந்த அறையைப் பூட்டி வைத்து, ஆளில்லாத நாற்காலிக்குத் தினம் ஏழு மணி நேரம் 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சலைப் போட்டுக் காட்டினார். அவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாதியில் கேட்டால் காது அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடுமாம். அந்த ஒரு மாதத்துக்குள் டென்சில் ஒரு பவர் கேபிளைக் கொண்டுவந்து மாட்டினார். ஆம்ப்ளிஃபையரின் பின்னாலிருந்து சுவர்ப் பிளக் வரைக்கும் ஓடுகிற ஒன்றரை மீட்டர் ஒயர். சாரைப்பாம்பு கனம், நீல நிற உறை, மரப்பெட்டியில் வைத்து வந்தது. விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

இருநூறு மணி நேரம் முடிந்து ஹரிஷ்குமார் நாற்காலியில் உட்கார்ந்தார். குறட்டை இல்லை. பாடகி மூச்சு வாங்குவது கேட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். யாருக்கு நன்றி சொல்வது? பூமிக்குள் புதைந்த செம்புத் தகடு கண்ணுக்குத் தெரியாது. நீல ஒயர் கண்ணெதிரே பளபளவென்று கிடந்தது.

"கேபிள்தானுங்கண்ணா எல்லாம் பண்ணிருக்குது. உங்க லைனும் வேணுங்க, இல்லைங்கல. பாதி வாங்கிக்குங்க" என்று போனில் சொன்னார்.

முனிகிருஷ்ணன் பாதியை வாங்க மறுத்துவிட்டார். பாதிக் கூலி வாங்குகிறவன் பாதி வேலை செய்தவன் என்று ஆகிவிடும். அவர் பாதி வேலை செய்ததே கிடையாது.

அன்றிலிருந்து தட்டில் சோறு விழும்போதெல்லாம் லட்சுமம்மாவின் குரலும் சேர்ந்து விழுந்தது. "இன்னிக்காவது பழுத்துச்சா உங்க எலெக்ட்ரானிக் சிட்டி ஒயரு? என் சீட்டுப் பணம் அழுவிப் போவுது!"

பிப்ரவரியில் ஊர் முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம். லேஅவுட்டின் போர்வெல் காற்றை இறைத்தது. டேங்கர் லாரி வந்தால்தான் குழாயில் தண்ணீர். அந்த லேஅவுட் சங்கத்தின் செயலாளர் வேறு யாருமில்லை, ஹரிஷ்குமார்தான். தரையில் தண்ணீர் ஊற்றினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று அவரே சுற்றறிக்கை எழுதி, அவரே கையெழுத்துப் போட்டு, லிஃப்ட் இல்லாத காரணத்தால் வாசல் கேட்டில் ஒட்டினார். சட்டம் போட்டவரே மீறலாமா? எர்த்துக் குழிக்குப் போகும் ஒரு பக்கெட்டும் நின்றது.

மார்ச் கடைசியில் பெரியப்பா திரும்பி வந்து படுத்துக்கொண்டார். "உம்ம்ம்."

டென்சில் முதலில் பியூஸை மாற்றினார். விரல் நுனி அளவு கண்ணாடிக் குழாய், பதினோராயிரம். அதில் அம்புக்குறி போட்டிருந்தது, கரண்ட் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதற்குத் தெரிய வேண்டுமாம். குறட்டை நிற்கவில்லை. சுவர்ப் பிளக்கை மாற்றினார், தங்க முலாம். நிற்கவில்லை. இப்போது ஆம்ப்ளிஃபையரின் இரும்பு மேலே கை வைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி வேறு இருந்தது. ஏப்ரல் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஊரில் இருக்கும் பாட்டுப் பைத்தியங்கள் பதினைந்து பேர் ஹரிஷ்குமார் வீட்டுக்கு வந்து அந்த நாற்காலியில் முறை வைத்து உட்காரப் போகிறார்கள். சனிக்கிழமை காலை அவர் முனிகிருஷ்ணனுக்குப் போன் போட்டார்.

"அண்ணா, மானம் போயிருமுங்கண்ணா. வாங்க."

"வரேன் சார். பாதி வருவேனா, முழுசா வருவேனா?"

"சவுண்டு நின்னா முழுசுங்கண்ணா."

"பதினெட்டு அறுநூறு. வாயால சொல்லுங்க சார்."

"பதினெட்டு அறுநூறுங்க."

முனிகிருஷ்ணன் ஸ்கூட்டரை எடுத்தார். ஸ்ரீராம்புரத்திலிருந்து அங்கே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். போனதும் அவர் பாட்டு அறைக்குள் நுழையவில்லை, நேராகப் பின் சந்துக்கு நடந்தார். புனலுக்குள் ஒரு சிலந்தி, குடும்பத்தோடு, சவுகரியமாக வலை கட்டிக் குடியிருந்தது. அவ்வளவுதான், வேலை முடிந்துவிட்டது. ஆனால் வேலை முடிந்துவிட்டது என்பதை உடனே சொல்லிவிட்டால் அதற்குக் கூலி ஏது? முகத்தை நீளமாக வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

அறையில் டென்சில் இருந்தார். தரையில் ஒரு புதுப் பெட்டி, வெள்ளி நிறம், முன்னால் நீல விளக்கு. கரண்ட்டைத் துவைத்து, அலசி, இஸ்திரி போட்டுக் கொடுக்கும் பெட்டி என்றார். இரண்டு லட்சத்து இருபதாயிரம். அதில் ஒரு லட்சத்தை அன்று காலையிலேயே ஹரிஷ்குமார் போனில் அவருக்கு அனுப்பியிருந்தார்.

"வா முனி. நீ எதுக்கு மேன் வெயில்ல வந்த? பெட்டி வந்துடுச்சு. காட் பிராமிஸ், இதுக்கு மேல சத்தம் நிக்கும்."

"நிக்கட்டும் டென்சிலு. மாட்டு. நான் பாத்துக்கினு உக்காந்திருக்கேன்."

டென்சில் மாட்டினார். நீல விளக்கு எரிந்தது. மூவரும் காதைத் தீட்டினார்கள். பெரியப்பா புரண்டு படுத்தார், அவ்வளவுதான்.

"சூடாகணும் மேன். ஒரு மணி நேரம் ஆகும்" என்றார் டென்சில்.

"ஆவட்டும். அதுக்குள்ள எனக்கு ரெண்டு பக்கெட் தண்ணியும் ஒரு கிலோ கல்லுப்பும் வேணும்" என்றார் முனிகிருஷ்ணன்.

'தண்ணி' என்ற சொல் காதில் விழுந்ததும் சமையலறையிலிருந்து கிருத்திகா வந்துவிட்டாள். ஹரிஷ்குமாரின் மனைவி. ஃபில்டர் கழித்துவிடும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு டிரம்மில் சேர்த்து வைத்து, பத்திரத்தைக் காப்பது போல் காத்துவந்தாள்.

"உப்பு தர்றனுங்கண்ணா. தண்ணி எதுக்குங்க?"

"தரையில ஊத்தறதுக்கும்மா."

கிருத்திகா கணவனைப் பார்த்தாள். "ஏனுங்க, ஐயாயிரம் ஃபைன் யாருக்குக் கட்டோணும்? உங்களுக்கு நீங்களேவா?"

"கிருத்தி, நாளைக்குப் பதினஞ்சு பேர் வர்றாங்க..."

"அப்ப நாளைக்கு நீங்க குளிக்க மாட்டீங்க. அந்தக் கணக்குல எடுத்துக்குங்க."

ஒப்பந்தம் முடிந்தது. ஊற்ற வேண்டியது வீட்டுக்காரர் கை என்பதில் முனிகிருஷ்ணன் பிடிவாதமாக இருந்தார். செயலாளர் தன் வீட்டுப் பின் சந்தில் திருடனைப் போல் குனிந்து நடந்தார். எதிர் வீட்டு மாடியில் யாரும் துணி காயப்போடவில்லையே என்று பார்த்துக்கொண்டு, சிலந்தியைக் குடும்பத்தோடு வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, உப்பைக் கொட்டி ஊற்றினார். குழி 'கடகட'வென்று குடித்தது. இரண்டாவது பக்கெட்டையும் குடித்துவிட்டு ஓர் ஏப்பம் விட்டது. அதைக் கேட்ட முனிகிருஷ்ணன் சட்டைப் பையிலிருந்து பாக்கு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

கால் மணி நேரம் போயிருக்கும். குறட்டை இறங்கியது. மெலிந்தது. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தது. பிறகு சந்தேகமும் போயிற்று. அறையில் அப்படி ஓர் அமைதி.

டென்சில் தொடையில் தட்டினார். "சொன்னேன்ல மேன்? சூடாகிடுச்சு! என்னா பெட்டி!"

"அட, ஆமாங்க டென்சில்!" என்றார் ஹரிஷ்குமார்.

முனிகிருஷ்ணனுக்குப் பாக்கு தொண்டையில் மாட்டிக்கொண்டது. தன் கண்ணெதிரே இரண்டாவது முறையாகத் தன் வேலையைத் தூக்கி வேறு எதற்கோ கொடுக்கிறார்கள். தண்ணீர் ஊற்றிய கை இன்னும் காயவில்லை, அதற்குள்! வேறொருவனாக இருந்தால் கத்தியிருப்பான். முனிகிருஷ்ணன் கத்தவில்லை. சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"சரி சார். ஒரு ஆட்டம் ஆடலாம். நீங்க ரெண்டு பேரும் கதவ மூடிக்கினு உள்ளயே உக்காருங்க. பெட்டிய யாரும் தொடக்கூடாது. நான் பின்னால எர்த்து ஒயர கழட்டுவேன், மாட்டுவேன். எப்ப கழட்டினேன் எப்ப மாட்டினேன்னு சொல்ல மாட்டேன். நான் தட்டினதும் சத்தம் கீதா இல்லியான்னு நீங்க சொல்லணும். அம்மா எழுதிக்கட்டும்."

கிருத்திகா அதற்குள் பால் கணக்கு நோட்டோடு பின்வாசல் படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். இந்த வீட்டில் அவளுக்கு இவ்வளவு சுவாரசியமான சனிக்கிழமை இதற்கு முன் வாய்த்ததில்லை.

முனிகிருஷ்ணன் ஸ்பேனரால் கழற்றினார், குழாயில் டங்கென்று தட்டினார்.

"இருக்குது!" என்று உள்ளேயிருந்து ஹரிஷ்குமாரின் குரல்.

மாட்டினார். டங்.

"இல்லீங்க!"

கழற்றினார். "இருக்குது!" மாட்டினார். "இல்லை!" ஐந்தாவது தரம் அவர் எதையும் தொடவில்லை. ஸ்பேனரை மட்டும் நாலு பக்கமும் மோதி, ஒரு கொல்லுப்பட்டறைக்கு உண்டான சத்தத்தை எழுப்பிவிட்டு, கிருத்திகாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். டங்.

"அதேதானுங்க, இல்லை" என்றார் ஹரிஷ்குமார்.

"இல்ல மேன், இப்ப வித்தியாசம் இருக்கு. இன்னும் சுத்தமா இருக்கு. பேஸ் நல்லா எறங்குது!" என்றது டென்சிலின் குரல்.

கிருத்திகா துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு எழுதினாள். பாட்டே ஓடவில்லை, பேஸ் எங்கிருந்து இறங்கும்?

பத்து ஆட்டம் முடிந்தது. நோட்டைப் பார்த்தார்கள். ஹரிஷ்குமார் பத்துக்குப் பத்து. டென்சிலுக்கு அந்த ஐந்தாவது வழுக்கிவிட்டது. ஹரிஷ்குமார் நோட்டை இரண்டு தரம் படித்தார். தகடு பூமிக்குள் இருக்கிறது என்ற விஷயம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது.

"எர்த்துதானுங்கண்ணா" என்றார் மெதுவாக.

"சரி, சத்தம் எர்த்துதான். ஒத்துக்கறேன்" என்றார் டென்சில். அவரும் லேசில் விடுகிற ஆள் இல்லை. "ஆனா சார், சத்தம் போறது வேற, சங்கீதம் வர்றது வேற. அந்த இனிப்பு இருக்கு பாருங்க, அது கேபிளோடது. அது ஒயர்மேனுக்குப் புரியாது மேன்."

ஹரிஷ்குமாரின் முகத்தில் மறுபடியும் 'பாதி' என்ற சொல் மெல்ல முளைப்பதை முனிகிருஷ்ணன் பார்த்தார். அதை முளையிலேயே கிள்ள வேண்டும்.

"எனக்கு எப்புடி டென்சிலு புரியும்? நான் அஞ்சாங் கிளாசு. நீங்க ரெண்டு பேரும் அஞ்சு நிமிசம் வாசல்ல நில்லுங்க. எல்லா ஜாயிண்ட்டும் ஒரு தடவ இறுக்கிட்டுக் கூப்புடறேன். வந்து அந்த இனிப்ப எனக்கும் கொஞ்சம் காட்டுங்க."

இருவரும் வெளியே போனார்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டு அவர் சமையலறைப் பக்கம் தலையை நீட்டினார். "அம்மா, உங்க ரைஸ் குக்கர் ஒயர கொஞ்சம் குடுங்க."

கிருத்திகா அவரை ஒரு கணம் பார்த்தாள். குக்கரிலிருந்து உருவிக் கொடுத்தாள். கறுப்பு ஒயர், பிடியில் பழைய கஞ்சி காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அது ஆம்ப்ளிஃபையரின் பின்னால் கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் நீலப் பாம்பு சமையல் மேடையில், நறுக்கி வைத்த கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தது.

"வாங்க சார்!"

ஹரிஷ்குமார் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். பாட்டு ஓடியது. வீணை. ஒரு மீட்டல் அடங்கி அடுத்தது எழுவதற்குள் அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஆஹா... இதானுங்கண்ணா. இந்த நெகுநெகுப்பு. இது கேபிள் இல்லாம வராதுங்க."

டென்சில் மார்பில் கை வைத்தார். "கேட்டியா முனி? இதுதான் மேன்! ஒண்ணு நாப்பது சும்மாவா குடுத்தார் சார்?"

வீணை மேலே ஏறிக்கொண்டிருந்தது. கதவருகே கிருத்திகா நின்றாள்.

"எத்தனைங்க குடுத்தாரு?"

ஹரிஷ்குமார் கண்ணைத் திறந்தார். அந்தக் கண்ணில் சங்கீதம் சுத்தமாக வடிந்திருந்தது.

"ஒண்ணு நாப்பது மேடம்" என்றார் டென்சில், பழக்கத்தில் ரசீது சொல்கிற குரலில். "ஒன் லேக் ஃபார்ட்டி."

"எங்கிட்டப் பதினாலாயிரம்னு சொன்னாருங்க."

டென்சில் தன் ஷூவைப் பார்த்தார். முனிகிருஷ்ணன் சுவர்ப் பிளக்கை வெகு கவனமாக ஆராய்ந்தார். அதில் ஆராய எதுவும் இல்லை.

"கிருத்தி, அது வந்து, ஒரு சைபர்..."

"சைபர் இருக்கட்டுங்க. வாங்க, உங்க நெகுநெகுப்பைக் காட்டறேன்." அவள் போய்த் துண்டை உருவினாள். கஞ்சி ஒட்டிய கறுப்பு ஒயர், வீணைக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டு, அப்பாவியாகக் கிடந்தது. "ஒண்ணு நாப்பது கத்திரிக்காய்கிட்டப் படுத்திருக்குது. இது குக்கரோடது. இதைப் புடுங்குனாத்தான் உங்களுக்கு மத்தியானம் சோறு."

டென்சில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "முனி, நீ ஒரு ராஸ்கல் மேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். விற்கிறவராக இருந்தாலும் சிரிக்கத் தெரிந்த மனிதர்.

"நான் ஜாயிண்ட்ட இறுக்கினேன் டென்சிலு. வேற இன்னா பண்ணேன்?"

ஹரிஷ்குமாருக்குச் சிரிப்பு வரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. வந்தபோது பாதி அழுகையாக இருந்தது. கிருத்திகா அதற்குக் காத்திருக்கவில்லை. வெள்ளிப் பெட்டியை விரலால் சுட்டினாள்.

"இது எத்தனைங்க? நெச வெலை."

"ரெண்டு இருவதுங்க" என்று ஹரிஷ்குமார் உண்மையைச் சொன்னார். "ஒரு லட்சம் குடுத்தாச்சு."

"டென்சில் சார், பெட்டி உங்க கார்ல ஏறோணும். பணம் திரும்பி வரோணும். ஒயரைப் பத்தி நாங்க வீட்டுக்குள்ள பேசிக்கறோம்."

"ஏறும் மேடம். டிரையலுக்குத்தானே கொண்டாந்தேன்" என்றார் டென்சில். நாளைக்கும் இந்த வீட்டுக்கு வர வேண்டியவர், வழக்குப் பேசவில்லை.

முனிகிருஷ்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "சார், சத்தம் நின்னுச்சு."

"நின்னுச்சுங்கண்ணா. நாந்தான் தப்புப் பண்ணிட்டேன். இருங்க." ஹரிஷ்குமார் போனை எடுத்துத் தட்டினார். மறுபடியும் தட்டினார். காதோரம் சிவந்தது. "இன்னிக்கு லிமிட் முடிஞ்சு போச்சுங்கண்ணா. காலையில டென்சிலுக்கு ஒரு லட்சம் அனுப்பினேனில்ல? நாளைக்குக் காலையில மொத வேலையா..."

"நாளைக்கா?" என்றார் முனிகிருஷ்ணன். நவம்பரிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் சொல் அது. வாசலில் ஸ்கூட்டர் வெயிலில் காய்ந்தது. வெறுங்கையோடு வீட்டுப்படி ஏறினால் லட்சுமம்மா சாம்பார் ஊற்றும் கரண்டியோடு என்ன கேட்பாள் என்று அவருக்கு எழுத்துக்கூட்டாமலே தெரியும். "சார், முழுசா வான்னு கூப்டீங்க. முழுசா வந்தேன். முழுசாத்தான் போவேன். அதுவரைக்கும் இப்புடி ஓரமா குந்திக்கினு பாட்டுக் கேக்கறேன். நமக்கும் அந்த இனிப்பு பழகட்டும், எரநூறு மணி நேரம்."

அவர் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டார். கால் மேல் கால்.

கிருத்திகாதான் வழி கண்டுபிடித்தாள். "டென்சில் சார், நீங்க எங்களுக்கு ஒரு லட்சம் திருப்பித் தரோணுமில்லீங்க? அதுல அண்ணனோடத இப்பவே கையில குடுத்துருங்க. மிச்சம் போன்ல அனுப்புங்க."

டென்சிலின் கை தானாகவே பேன்ட் பையைப் பொத்தியது. காலையில் ஜெயநகர் ஆள் ஒருவர் கொடுத்த ரொக்கம் உள்ளே இருந்தது. பொத்திய கையை மற்ற மூன்று பேரும் பார்த்தார்கள்.

"நான் ஏன் மேன் இவனுக்குக் குடுக்கணும்? என் வியாபாரத்தக் கெடுத்தவனே இவன்தான்!"

"நீதான டென்சிலு என்னை இந்த வீட்டுக்குக் கூட்டினு வந்த? நீயே மரியாதயா அனுப்பி வை."

டென்சில் பெருமூச்சு விட்டு நோட்டுக் கட்டை வெளியே எடுத்தார். ரப்பர் பேண்டைக் கழற்றினார். முனிகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து, மண் படிந்த வலது கையை வேட்டியில் துடைத்து, விரித்து நீட்டினார். வீணை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"மெதுவா டென்சிலு. ஒட்டிக்கினு வரப்போவுது."

"பேசாத மேன், கணக்கு தப்பும். பதினொண்ணு, பன்னெண்டு..."

ஹரிஷ்குமார் உதட்டை அசைத்து உடன் எண்ணினார். இருபதைத் தாண்டும்போது டென்சிலின் குரல் இறங்கிவிட்டது. முப்பதில் ஒரு நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தார். முப்பத்தேழாவது ஐந்நூறு விழுந்ததும் கட்டை மூடப் போனார்.

"பதினெட்டு ஐந்நூறு. போதும் போ மேன், நமக்குள்ள என்ன நூறு ரூபாய்?"

முனிகிருஷ்ணனின் விரித்த கை விரித்தபடியே இருந்தது, விரல் ஒன்றுகூட மடங்கவில்லை. டென்சில் ஹரிஷ்குமாரைப் பார்த்தார், கிருத்திகாவைப் பார்த்தார். பிறகு பர்ஸைத் துழாவி, நாலாக மடிந்து கிடந்த ஒரு நூறு ரூபாயை எடுத்து, மடிப்பை நீவி, அந்தக் கையிலிருந்த நோட்டுகளின் மேல் வைத்தார்.